மூன்றாவது வீடு பாடாத காலை

அந்த வாரத்தில் நான் பாடாமல் இருந்தது ஒரே ஒரு காலைதான் என்று சொல்லி வருகிறேன். என் மகள் செரீடா மூன்று காலை என்கிறாள். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது, அவளுக்குப் பதினான்கு. முதல் இரண்டு நாளும் நான் வாயையே திறக்கவில்லை, வீட்டுக்குப் பின்னால் நின்று என் குரல்போலக் கரகரத்துப் பாடியது தான்தான் என்று அவள் சொல்லும்போது அவள் முகத்தில் பொய் இருப்பதில்லை. நானோ அந்த இரண்டு நாளும் முணுமுணுத்தாவது பாடியதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அது எப்போதும் எனக்குச் சாதகமாகவே பேசுகிற சாட்சி. அதனால் நான் சொல்வதோடு அவள் சொல்வதையும் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

கிகேசி மலைகளுக்கு நடுவே எங்கள் ஏரி, விரல்களை விரித்த கைபோலக் கிடக்கிறது. அதில் ஒரு விரல்தான் எங்கள் வளைவு. அங்கே மீட்கப்பட்டவர்களின் வீடுகள் ஏழு. பாவத்திலிருந்து மீட்கப்பட்டவர்கள் என்று எங்களை நாங்களே சொல்லிக்கொண்டோம். மற்றவர்கள் அதே சொல்லைக் கேலியாகச் சொன்னார்கள்.

விடியலில், தண்ணீர்மேல் பனி கிடக்கும்போதே, முதல் வீட்டுக் கைம்பெண் பெதரேசி துதிப்பாட்டை எடுப்பாள். ஓர் அடி பாடி நிறுத்துவாள். அடுத்த அடி இரண்டாவது வீட்டு எனோசியுடையது. மூன்றாவது அடி எங்களுடையது. எங்கள் அடி தண்ணீரைத் தாண்டி வளைவின் எதிர்க்கரைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே நாலாவது வீட்டுப் பிதாரிஹோ அதை வாங்கிப் பாடுவான். அப்படியே சுற்றி ஏழாவது வீட்டில் பாட்டு முடியும். முடிந்த பிறகுதான் மண்வெட்டி தோளில் ஏறும். மழை பெய்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், முந்தின நாள் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டிருந்தாலும் பாட்டு நிற்காது. கர்த்தருக்குள் மகிழ்வது எங்களுக்குத் தோன்றியபோது செய்கிற காரியமாக இருக்கவில்லை. முகம் கழுவுவதுபோல அது தினமும் நடந்தது.

சாவு விழுந்த வீடு மட்டும் பாடாது. பாட்டு அந்த வீட்டில் நின்றுவிடும், அடுத்த வீடு அதை வாங்காது. அன்று சுற்றிலும் உள்ள எந்த மலையிலும் யாரும் மண்ணைக் கொத்தக் கூடாது. விறகும் சோளமாவும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் புறப்பட வேண்டும்.

இன்னொரு சட்டமும் எங்களுக்கு உண்டு. வேஷம் கூடாது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் உள்ளத்தில் இருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒருவன் மறைத்தால் இன்னொருவன் கேட்பான். கேட்பதுதான் அன்பு என்று நாங்கள் நம்பினோம். இந்த இரண்டு சட்டங்களும் பல வருஷம் ஒரே பாதையில் நடந்தன. என் வீட்டு வாசலில்தான் முட்டிக்கொண்டன.

எங்கள் அடியைப் பாடிவந்தவள் என் மனைவி பெனினா. அவள் குரல் அகலமானது. தண்ணீரைத் தாண்டும்போது தேயாது. நான் சபையில் வேதபாடம் வாசிக்கிறவன், பாடுகிறவன் அல்ல. எங்கள் நாட்டில் சுதந்திரக் கொடி ஏறியதற்கு அடுத்த வருஷம் அவள் கழுத்தில் இருந்த கழலை திடீரென்று பெருக்க ஆரம்பித்தது. பட்டாணி நடுகிற மாதத்துக்குள் தாடையைத் தொட்டுவிட்டது. "தோட்டத்துல பூசணி காய்க்கலைன்னு புலம்புனீங்களே, இந்தா" என்று அவள் அதைத் தட்டிக் காட்டுவாள். படுத்தால் மூச்சு விசிலடித்தது. ஏரிக்கு அக்கரையில், ஓடத்தில் மூன்று மணி நேரத் தூரத்தில் உள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, தலைநகர் கம்பாலாவிலிருந்து அறுவை வைத்தியர் ஒருவர் ஒரு வாரம் வந்து போவார். அந்த வாரத்தின் கடைசி நாளான சனிக்கிழமை காலை அவளுக்கு நாள் குறித்தார்கள். ஒரு வாரம் முன்னதாகவே வந்து படுக்கச் சொன்னார்கள்.

துறையில் ஓடத்தில் ஏறும்போது அவள் சொன்னாள்.

"செரீடா அப்பா, நான் வர்ற வரைக்கும் பாட்டு உங்க பொறுப்பு."

"எனக்குக் குரல் ஏது?"

"சபையில வாசிக்கும்போது மட்டும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குதே."

"அது வாசிக்கிறது."

"இதையும் வாசிங்க. கொஞ்சம் இழுத்து வாசிங்க, பாட்டாயிடும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இங்க பாட்டு நின்னுச்சுன்னு கேள்விப்பட்டேன்னா நான் அங்க படுத்துக் கிடக்கமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

பாடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வார்த்தை மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஞாயிறும் திங்களும் செவ்வாயும் பாடினேன். அந்த நாட்களில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு துறைக்குப் போவேன். துறையிலிருந்து அடுப்புக்கு ஓடிவருவேன். கத்தி அவள் கழுத்தில் எந்த இடத்தில் இறங்கும் என்று என் விரல் என் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. அந்த விரலோடுதான் விடியலில் வாசலில் நின்று, மகிழ்கிறேன் என்று பாடினேன்.

செவ்வாய்க் கூட்டம் எனோசி வீட்டில் நடந்தது. பிதாரிஹோ எழுந்தான். கொல்லன், முப்பது வயது, மறைக்கத் தெரியாத முகம்.

"எரிசாண்ணே, ஒண்ணு கேக்கணும். வெளிச்சத்துலதான் கேக்கறேன்."

"கேளு தம்பி."

"தண்ணிக்கு அந்தப் பக்கம் நின்னு உங்க அடியை வாங்குறவன் நான். அக்கா பாடினா நெருப்பு மாதிரி வந்து சேரும். இப்ப மூணு நாளா வர்றது பச்சை விறகுப் புகை. கண்ணுதான் எரியுது. உள்ள சந்தோஷம் இல்லாமலே பாடுறீங்களோ?"

யாரோ சிரித்தார்கள்.

"பயம் இருக்கு" என்றேன்.

"பயம்னா பயம்னு சொல்லணும்ணே. அதுக்குத் துதின்னு பேர் வெக்கக்கூடாது."

எனோசியின் மனைவி குறுக்கிட்டாள். "விடுடா தம்பி. பெண்டாட்டி கத்திக்குக் கீழ கழுத்தை நீட்டப்போறா. இவர் ஆடிப்பாடணுமா?"

"அதான் அக்கா நானும் சொல்றேன். ஆடாதவர் ஆடுற மாதிரி ஏன் காட்டணும்?"

அவன் சொன்னதில் தப்பு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்து, உள்ளே கனம் இருக்கிறதா, வெறும் கூடா என்று சோதிப்பது வாசிக்கிறவனின் பழக்கம். அந்தப் பழக்கத்தை என் மேலேயே திருப்பிவிட்டான் அவன். புதன் காலையும் வியாழன் காலையும் என்ன நடந்தது என்பதில்தான் எனக்கும் செரீடாவுக்கும் வழக்கு. வெள்ளிக்கிழமையைப் பற்றி இருவருக்கும் வழக்கில்லை.

வெள்ளி விடியலில் பெதரேசியின் அடி வந்தது. எனோசியின் அடி வந்தது. நான் வாசலில் நின்றேன். உள்ளே தேடிப் பார்த்தேன். சாம்பலைக் கிளறினால் ஒரு கங்காவது கிடைக்கும், எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. இருந்ததெல்லாம் பயமும், இவ்வளவு பயப்படுகிறேனே என்ற வெட்கமும்தான். இதை மகிழ்ச்சி என்று கர்த்தரிடம் சொல்வது அவரை ஏமாற்றுவது என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

"அப்பா, நம்ம முறை" என்றாள் செரீடா.

அவள் தானே எடுக்கப் போனாள். நான் கையைத் தூக்கித் தடுத்தேன். அவள் வாயைப் பொத்தினேன் என்று அவள் சொல்கிறாள்.

மௌனம் என்றால் சாவு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதற்கு மூன்று நாள் முன்புதான் ஊர் கூடிய இடத்தில் என் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசியிருந்தார்கள். பிதாரிஹோவுக்குப் புரியும், கேட்டவன் அவன்தானே, என் அடியைத் தாண்டித் தன் அடியை எடுத்துவிடுவான் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட நினைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. எதிர்க்கரையிலிருந்து ஒன்றும் வரவில்லை. பனிக்குள் ஒரு நீர்க்கோழி மட்டும் கத்தியது. பிதாரிஹோவும் தன் உள்ளத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

நிற்க முடியவில்லை. "மண்வெட்டியை எடு, மேட்டு வயலுக்குப் போகலாம்" என்று சொல்லி, பின்பக்க ஒற்றையடிப் பாதையில் செரீடாவைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். துறையிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை முன்பக்கம். அதனால் அதில் யார் வந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மேட்டு வயலிலிருந்து பார்த்தால் நாலு மலையின் சரிவுகளும் தெரியும். நான் வெறியோடு கொத்தினேன். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்தது. செரீடா பின்னால் பட்டாணி போட்டு மண் தள்ளிக்கொண்டு வந்தாள். வெயில் ஏறியது. மண்வெட்டி கல்லில் படும் ஓசை எனக்கே பெரிதாகக் கேட்டது. வழக்கமாகச் சரிவு முழுக்க அந்த ஓசை இருக்கும், பெண்கள் அடுக்குக்கு அடுக்கு கூப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள். அன்று வயல்களில் காகங்கள் மட்டும் நடந்தன. அது என்னை இன்னும் நிலைகொள்ளாமல் செய்தது. ஞாயிற்றுக்கிழமையோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு செரீடா நிமிர்ந்தாள்.

"யாருமே வேலைக்கு வரலையேப்பா."

"ம்."

"யாராவது செத்துட்டாங்களா?"

"தெரியலையே. எந்த வீடு பாடலை?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்குக் கேட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாமதாம்ப்பா" என்றாள்.

இருவரும் மண்வெட்டிகளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினோம்.

வீட்டு முற்றத்தில் நாற்பது பேராவது இருந்தார்கள். மூன்று அடுப்பு எரிந்தது. ஒரு பானையில் கிழங்கு, ஒரு பானையில் பயறு, பெரிய பானையில் சோளக் கூழ். பிணம் சுமக்கிற மூங்கில் தூளியைப் பிதாரிஹோ வாசலில் வைத்துக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். பெதரேசி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எங்கய்யா போயிட்டே? ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்னு நினைச்சோம். எப்ப போனா? நாளைக்குத்தானே கத்தின்னாங்க?"

"யாரு?"

"பெனினா."

"பெனினா ஆஸ்பத்திரியில இருக்கா."

"ஆஸ்பத்திரியிலதான்யா. எப்ப போனா?"

"போகலை. உசிரோட இருக்கா. நான் பாடலை, அவ்வளவுதான்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். எனோசி மெதுவாக என் அருகில் வந்தார். அவர் என்னைவிட மூத்தவர். என் காலில் இருந்த ஈர மண்ணைப் பார்த்தார்.

"பாடலைன்னா?"

"உள்ள சந்தோஷம் இல்லை. வேஷம் வேண்டாம்னு..."

"மூணு ஊரு மண்வெட்டியைக் கீழ வெச்சிட்டு உம் பெண்டாட்டிக்கு அழுதுகிட்டிருக்கு. நீ மேல பட்டாணி நட்டுக்கிட்டிருந்தியா?"

"எத்தனை வரிசை முடிச்சீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், சிலர் எழுந்து போய்விட்டார்கள். கூழ்ப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தவள் கிளறுவதை நிறுத்தவில்லை. எதற்குக் கிளறுகிறோம் என்று அவளுக்குப் புரியாமல் போயிருக்க வேண்டும்.

பிதாரிஹோ சிரிக்கவில்லை. கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தான்.

"அண்ணே, காலையில சந்தைக்குப் போன ஓடத்துக்கிட்ட நான் சொல்லி அனுப்பிட்டேன்."

"என்னன்னு?"

"எரிசா வீட்டுல பாட்டு நின்னுபோச்சுன்னு. அக்கரையில இருக்கிற நம்ம ஆளுங்களுக்குத் தெரியட்டும்னு."

சந்தைக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போவார்கள். பெனினாவைப் பார்க்காமல் போகமாட்டார்கள். தான் சாகவில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்படியானால் வீட்டில் செத்தது யார்?

நான் துறைக்கு ஓடினேன். காற்று அக்கரையிலிருந்து எழும்ப ஆரம்பித்திருந்தது. அந்தக் காற்றோடு ஓர் ஓடம் வளைவுக்குள் நுழைந்தது. பெனினாவின் அழுகை முதலில் வந்தது. தலைத்துணியை அவிழ்த்துப் போட்டிருந்தாள். செரீடா என்று ஒரு முறை, எரிசா என்று ஒரு முறை. என் பெயரை அவள் அதற்கு முன்பு வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்களில் யாருக்காக அழ வேண்டும் என்று தெரியாமல், மூன்று மணி நேரமாக மாற்றி மாற்றி அழுதுகொண்டு வந்திருக்கிறாள்.

நானும் செரீடாவும் கரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பெனினா எங்களைப் பார்த்தாள். சத்தம் அறுந்தது. ஓடம் கோரையில் முட்டி நின்றது. அவள் இறங்கவில்லை. மூச்சு உள்ளே போகும்போதும் வரும்போதும் விசிலடித்தது.

"செத்தது யாரு?" என்றாள்.

"யாரும் இல்ல."

"அப்புறம் ஏன் பாடலை?"

என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சிறிதாகிக்கொண்டே போனது. செவ்வாய்க்கிழமை பேசியதையும் சொன்னேன். பிதாரிஹோவும் அங்கே வந்து நின்றிருந்தான்.

"நெருப்பு மாதிரி வரும்னு சொன்னியாடா?" என்று அவனைக் கேட்டாள்.

"ஆமாக்கா."

"மாசக்கணக்கா படுத்தா மூச்சு நிக்குது. தூங்காம உக்காந்திருந்துட்டு, விடிஞ்சதும் வாசல்ல வந்து நிப்பேன். அப்ப எனக்குள்ள என்ன இருந்திருக்கும்னு நினைச்சே? இவரு பயந்ததைவிட நான் பயந்தேன். அதைத் தூக்கிக்கிட்டுத்தான் பாடினேன். சில நாள் கடைசி வார்த்தையிலதான் சந்தோஷம் வந்து சேரும். சில நாள் அதுவும் வராது. வரலைன்னா மறுநாள் பாடுவேன்."

பிதாரிஹோ ஈர மண்ணில் முழங்காலிட்டான். "இந்தப் பாவம் என்னுதுக்கா. வெளிச்சத்துல சொல்றேன்."

"பாவத்தை அப்புறம் பாத்துக்கலாம், ஓடத்தைத் திருப்பு. விடிஞ்சா எனக்குக் கத்தி."

ஆனால் ஓடத்தைத் திருப்ப முடியவில்லை. காற்று முழுதாக எழுந்துவிட்டது. வளைவின் வாயில் அலை வெள்ளையாக உடைந்தது. முந்தின வருஷம் அதே இடத்தில் அதே நேரத்தில் இரண்டு ஓடம் கவிழ்ந்திருந்தது. எனோசி தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். காலையில்தான் என்றார்.

சாவுக்குச் சமைத்ததை எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேறு என்ன செய்வது? பெனினா கூழைத் துளித் துளியாக விழுங்கினாள். "என் கருமாதிக் கூழை நானே குடிக்கிறேன். உப்பில்லை" என்றாள். நான் முற்றத்துக்கும் துறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். காற்று எப்போது அடங்கும் என்று ஈரத் துணியைக் கழியில் கட்டிப் பார்த்தேன். இருட்டிய பிறகும் அது அடங்கவில்லை.

விடியலுக்கு முன்பு காற்று நின்றது. பெனினாவால் துறை வரை நடக்க முடியவில்லை. அழுததில் கழுத்து இன்னும் வீங்கியிருந்தது. பிதாரிஹோ தூளியைக் கொண்டுவந்து அவள் முன்னால் தயங்கி நின்றான்.

"எனக்குன்னுதானே கட்டினே, வீணாக்காதே" என்று அவளே அதில் ஏறிப் படுத்தாள்.

முன்னால் பிதாரிஹோவும் பின்னால் நானும் துடுப்புப் போட்டோம். நடுவில் தூளியோடு பெனினா, அவள் தலைமாட்டில் செரீடா. பனி கெட்டியாக இருந்தது. வளைவின் பாதியைக் கடக்கும்போது பெதரேசியின் குரல் எழுந்தது. என் துடுப்பு நின்றுவிட்டது. எங்கள் வீடு காலியாக இருக்கிறது. ஊருக்கு உண்மை தெரியும். ஆனாலும் மலைக்கு அப்பால் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதைவிட, நான் வாக்குக் கொடுத்திருந்தேன். எனோசியின் அடி வந்தது, முடிந்தது. பிதாரிஹோ திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தோள்கள் மட்டும் காத்திருந்தன. செரீடா என்னைப் பார்த்தாள்.

பாடினேன். பனிக்குள் என் குரல் எங்கே போகிறது என்று தெரியவில்லை. இரண்டு இடத்தில் உடைந்தது. மகிழ்ச்சி இருந்ததா என்றால், தேடிப் பார்க்க எனக்கு அப்போது நேரம் இருக்கவில்லை. அவள் மூச்சின் விசில்மேல் காதை வைத்துக்கொண்டு, அந்தப் பயத்தோடேயே அடியை முடித்தேன். முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பைவிட நீளமான ஒன்று என் வாழ்க்கையில் இல்லை. பிறகு எதிர்க்கரையிலிருந்து பிதாரிஹோவின் மனைவி அதை வாங்கினாள்.

கண்ணை மூடியிருந்த பெனினா, "ராகம் தப்பு" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா கேட்டுச்சு" என்றாள்.

பனியில் வழி தவறிக் கோரைக்குள் போய்விட்டோம். வெளியே வர அரை மணி நேரம், அதற்கு மேலும் ஆகியிருக்கலாம். அக்கரையில் இறங்கித் தூளியைத் தூக்கிக்கொண்டு மேடேறி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது பத்தரை மணி. வைத்தியரின் லாரி பத்துக்குப் போய்விட்டது. செம்மண் புழுதி இன்னும் பாதைமேல் முழுதாக அடங்கவில்லை.

"ஒரு மணி நேரம் மேசையைக் காலியா வெச்சுக்கிட்டு உங்களுக்காகக் காத்திருந்தாரு" என்றாள் நர்ஸ். "எங்கம்மா போனீங்க?"

"ஒரு சாவுக்கு" என்றாள் பெனினா.

அடுத்த முறை அவர் வந்தது இரண்டு மாதம் கழித்து. அந்த இரண்டு மாதமும் எங்கள் அடியைப் பெனினா பாடவில்லை, நான்தான் பாடினேன். அவள் வாசலில் சாய்ந்து உட்கார்ந்து ராகத்தைத் திருத்துவாள். அறுவை நடந்தது. பிழைத்துக்கொண்டாள். மூச்சு சீராயிற்று. குரல் போய்விட்டது. காதருகில் வந்தால் மட்டும் கேட்கிற காற்று மிஞ்சியது.

கழலை இறங்கிக் குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது என்றார் வைத்தியர். இரண்டு மாதம் முன்பே செய்திருந்தால் குரல் தப்பியிருக்குமா என்று கேட்டேன். தப்பியிருக்கலாம், போயும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். அவர் உறுதியாக ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் நான் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

பெனினா என்னை ஒரு தடவைகூடக் குற்றம் சொல்லவில்லை என்று சொல்ல ஆசை. சொன்னாள். ஒரு மழைநாளில், கூரை சத்தத்துக்கு மேல் அவள் பேச்சு எனக்குக் கேட்காமல் நான் மூன்றாம் முறையாக "என்ன?" என்றபோது, என் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு, "இதுக்கும் நீங்கதான் காரணம்" என்றாள். பிறகு கேட்க நினைத்ததைக் கேட்டாள். உப்பு எங்கே என்பதுதான் அது.

பெனினா அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் இருந்து, காய்ச்சலில் இறந்தாள். அன்று காலை மட்டும் நான் பாடவில்லை. அவளைச் சுமந்தது பிதாரிஹோ கட்டிய வேறொரு தூளி. பிதாரிஹோ கூட்டத்தில் யாரையும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான், பிறகு பல வருஷம் கழித்து மெதுவாக மறுபடியும் கேட்க ஆரம்பித்தான். அவன் இப்போது கண் தெரியாமல் மகன் வீட்டில் இருக்கிறான். பெதரேசியும் எனோசியும் அவர் மனைவியும் இறந்துவிட்டார்கள். செரீடா கபாலே நகரத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டு ஆறு பிள்ளை பெற்றாள். விடுமுறைக்கு வந்தால் இன்னும் மூன்று காலை என்றுதான் சொல்கிறாள். ஏழு வீடுகளில் இப்போது நாலு பாடுகின்றன. மூன்றாவது வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். இன்று காலையும் பாடினேன்.